டின்னைத் திறக்கும் முன்

டின்னில் வரும் மட்டியும் நண்டும் அபலோனியும் ஏற்கெனவே வெந்தவை. பெரும்பாலும் டின்னை மூடி, சுமார் 120 டிகிரி சூட்டில் அழுத்தத்தோடு வேகவைத்த பிறகுதான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக அடுப்படியில் நிற்கும் எனக்கு, புது மட்டி வேண்டுமென்றால் தேக்கா ஈரச்சந்தை. டின் வேண்டுமென்றால் முஸ்தபா கடை அல்லது வீட்டருகே உள்ள பேரங்காடி. இரண்டையும் ஒரே மாதிரி சமைக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய பாடம்.

முதலில் டின்னைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். மேலோ கீழோ உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். நடுப்பகுதியில் லேசான நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. மூடியும் உடலும் சேரும் விளிம்பில் நசுங்கலோ துருவோ இருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கலாம். மலிவு விலைக் கூடையில் கிடந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து எடை. முன்பக்கத்தில் 425 கிராம் என்று பெரிதாக இருக்கும். நாம் தேட வேண்டியது வடித்த எடை, அதாவது நீரை வடித்தபின் நிற்கும் கறியின் எடை. அபலோனி டின்களில் அது பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருப்பது சாதாரணம். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கடைகளில் அபலோனி டின்கள் கோபுரமாக அடுக்கப்படும். அப்போது இரண்டு டின்களின் விலையை ஒப்பிட்டால், வடித்த எடையை வைத்து ஒப்பிடுங்கள். பொருட்பட்டியலையும் படியுங்கள். உண்மையான அபலோனியின் அறிவியல் பெயர் ஹாலியோட்டிஸ். சிலி, பெரு கடல்களில் கிடைக்கும் ‘லோக்கோ’ பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். ஆனால் அது வேறு குடும்பத்து நத்தை. நல்ல கறிதான், அபலோனி விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

நண்டு டின்னில் ஒரு வேறுபாடு முக்கியம். சாதாரண அடுக்கில் நிற்பது முழுச் சூட்டில் வெந்தது. குளிர்ப்பெட்டியில் இருப்பது குறைந்த சூட்டில் பதப்படுத்தியது. அதை வீட்டிலும் குளிரிலேயே வைக்க வேண்டும். மண்டபம், தூத்துக்குடிப் பக்கத்து நீலக்கால் நண்டின் சதை அமெரிக்காவுக்குப் போவது இந்த இரண்டாம் வகையில்தான். அடுக்கில் நிற்கும் டின்னைத் திறந்தால், சதை வெள்ளைத் தாளில் சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். நண்டிலுள்ள கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து கறுப்பாகாமல் தடுக்கவே அந்தத் தாள். சில சமயம் கண்ணாடிச் சில்லு போன்ற மணிகள் கிடக்கும். பயப்பட வேண்டாம், கொஞ்சம் சூடான வினிகரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் அது ஸ்ட்ருவைட் என்ற உப்புப் படிகம், கண்ணாடி கரையாது. அந்தச் சதையை நன்றாகப் பிழிந்து, வெங்காயம் பச்சை மிளகாய் வதக்கி, சுறாப் புட்டு போல உதிர்த்தால் நண்டுப் புட்டு பத்து நிமிடத்தில் தயார்.

மட்டிக்கு வருவோம். தாய்லாந்திலிருந்து வரும் சின்ன மட்டி டின்களில் இருப்பது பெரும்பாலும் பாஃபியா வகை. கொல்லம் அஷ்டமுடி ஏரியில் எடுக்கும் மட்டி அதற்கு நெருங்கிய உறவு. அந்த மட்டித் தொழில் 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாக, வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்று பெற்றது. இப்படி நம் ஊர் மட்டிக்கு உறவு என்பதால், தாய்லாந்து டின் மட்டிக்கும் நம் மசாலா பொருந்துவதில் வியப்பில்லை.

நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு போட்டுப் பச்சை வாசம் போனதும் டின் நீரை முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டு ருசி பாருங்கள். உப்பு அதிலேயே இருக்கும். மசாலா சுண்டி, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் நிற்கும்போது மட்டியைப் போட்டு இரண்டு முறை புரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் கொதித்தால் ரப்பர்தான். அபலோனிக்கும் இதே முறை. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மிளகு வறுவலில் கடைசியாகச் சேர்க்க வேண்டும்.

டின் உணவைச் சோம்பேறிச் சமையல் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. கறி வெந்துவிட்டது, நம் உழைப்பு முழுவதும் மசாலாவுக்கே போக வேண்டும், அதில் குறுக்குவழி இல்லை. மிச்சமிருந்தால் திறந்த டின்னிலேயே விடாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.