ப்ளூரேயில் தாத்தா தெரிவாரா?

திருச்சியில் இருக்கும் அந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டை கிடையாது. டிஸ்க் சண்டை உண்டு.

அண்ணனின் அலமாரியில் நீலநிறப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ப்ளூரே. பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. தம்பியின் பார்வையில் அது காசைக் கரியாக்கும் வேலை. "28 ரூபாய்க்கு மோசர் பேர் விசிடி வாங்கிப் பார்த்தோமே, அதே படம்தானேண்ணே? கதை மாறிடுமா?" என்பான்.

கதை மாறாது, படம் மாறும். விசிடியில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சம். ப்ளூரேயில் 20 லட்சத்துக்கும் மேல். டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர். 2006-ல் கடைக்கு வந்த ப்ளூரேவைப் படிப்பது நீலமும் ஊதாவும் கலந்த லேசர். அதன் அலைநீளம் குறைவு என்பதால் குறிகளை இன்னும் பொடியாக, நெருக்கமாகப் பதிக்க முடியும். அதே அளவுத் தட்டில் 4.7 ஜிபிக்குப் பதிலாக 25 ஜிபி அடங்கியது இப்படித்தான்.

தம்பி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் அறையில் இருப்பது 32 இன்ச் டிவி. கட்டிலில் சாய்ந்தால் 10 அடி தூரம். அத்தனை தள்ளி உட்கார்ந்தால் டிவிடிக்கும் ப்ளூரேக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நம் கண்ணால் முடியாது. ஹாலில் இருக்கும் 55 இன்ச் டிவிக்கு முன்னால் 6 அடியில் உட்கார்ந்தால் வாதமே தேவையில்லை. இருவரும் அவரவர் டிவியை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பியைப் பிடித்து ஹாலில் உட்காரவைத்து 'பதேர் பாஞ்சாலி' போட்டான். சத்யஜித் ராய் 1955-ல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம். 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் அதன் மூல நெகட்டிவ் கருகிப்போனது. மிஞ்சிய சுருள்களை அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி பத்திரப்படுத்தியது. இத்தாலியின் பொலோனியா நகரத்து லேப் ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைச் சீர்செய்ய, சரிசெய்ய முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015-ல் படம் மறுபடியும் திரைக்கும் ப்ளூரேக்கும் வந்தது.

ரயில் பார்க்க ஓடும் அக்காவும் தம்பியும், சுற்றிலும் ஆளுயர நாணல். ஒவ்வொரு தாளும் தனித்தனியாக அசைந்தது. தம்பி போனைக் கீழே வைத்துவிட்டான்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, கரண்டியோடு அப்படியே நின்றார். "1955-ல எடுத்ததா இது? என் கல்யாண கேசட் 89-ல எடுத்ததுதானேடா. அதை இப்படி மாத்தினா அப்பா நல்லா தெரிவாரா?"

அம்மாவின் அப்பா அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். போட்டோக்களில் விறைப்பாக நிற்பவர், கேசட்டில் மட்டும்தான் நடப்பார். பந்தியில் தோளில் துண்டோடு ரச வாளியைத் தூக்கிக்கொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி வருவார். மொத்தமே அரை நிமிஷம் இருக்கும்.

அண்ணனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஃபிலிம் என்பது ரசாயனம். 1955-ல் கேமரா பார்த்தது அந்தச் சுருளுக்குள் இருக்கிறது. அதை முழுசாக வெளியே கொண்டுவர டிவிடியால் முடியவில்லை, ப்ளூரேயால் பெருமளவு முடிகிறது. விஎச்எஸ் கேசட் அப்படியில்லை. குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகளைத்தான் அது பிரித்துக் காட்டும். நிறத்துக்கு அதையும்விடக் குறைவு. கூரைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டிக் கசிந்து நிற்பது அதனால்தான். பதிவாகாததை எந்த டிஸ்க்கும் கொண்டுவராது. 34 வருஷம் பிந்திய கல்யாணம், அந்தப் பழைய படத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும்.

அம்மா காத்திருக்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். "டிவிடின்னா சாதா ரேட்டும்மா. ப்ளூரேன்னா ஹெச்டி குவாலிட்டி, சினிமா மாதிரி இருக்கும்" என்றார்கள். அம்மா ப்ளூரே சொன்னார்.

ஒரு வாரத்தில் டிஸ்க் வந்தது. ஹாலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கேசட்டின் பொரிப்பொரியான இரைச்சல் போயிருந்தது. இதயத்துக்குள் மணமக்கள் சுழலும் மிக்ஸிங்கூடப் பளபளவென்றிருந்தது. பந்தி வந்தது. வாளியோடு தாத்தா வந்தார். முகம் மெழுகு பூசியதுபோல வழவழவென்றிருந்தது.

"இது யாருடா?" என்றார் அம்மா.

தாத்தாவின் கன்னத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று கிளம்பிய மென்பொருளுக்குத் தழும்பும் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, இல்லாத கூர்மையை மேலே தீட்டியிருந்தது. இது சின்ன ஸ்டூடியோக்களின் கோளாறு மட்டுமல்ல. அர்னால்டு நடித்த 'ப்ரிடேட்டர்' படத்துக்கு 2010-ல் வந்த ப்ளூரேயிலும் நடிகர்களின் தோல் மெழுகுப் பொம்மைபோல ஆகி, ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அங்கே ஃபிலிம் பத்திரமாக இருந்தது. இங்கே இருப்பது ஒரே ஒரு கேசட்.

அடுத்த வாரம் அண்ணன் லீவு போட்டான். கேசட் டெக் உற்பத்தி 2016-லேயே நின்றுவிட்டது. பழைய டிவி ரிப்பேர்க் கடை ஒன்றில், தலையைச் சுத்தம் செய்தால் ஓடும் நிலையில் ஒன்று கிடைத்தது. கேசட்டின் ஓரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. துடைத்து, மெதுவாக ஓட்டி, எந்தச் சீர்திருத்தமும் செய்யாமல் உள்ளதை உள்ளபடி கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒரு டிவிடியில் தாராளமாக அடங்கியது.

பெரிய டிவியில் அது மங்கல்தான். சிவப்பு கசிந்தது. தாத்தா வந்ததும் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தார். கன்னத்தில் தழும்பு இருக்கிறதா, கேசட்டின் பொரியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது தாத்தா.

அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டித் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார் அம்மா. உள்ளங்கை அளவுத் திரையில் அவர் ஹாலில் பார்த்ததைவிடத் தெளிவாகவே தெரிந்தார். அதை அம்மா வாட்ஸ்அப்பில் புதுக்கோட்டை பெரியம்மாவுக்குத் தட்டிவிட்டார். அனுப்பும்போது அது இன்னும் சுருங்கி, இருந்த விவரத்திலும் கொஞ்சம் போகும் என்று அண்ணனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பெரியம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அந்தத் துண்டு நான் துவைச்சதுடீ. காலையில ஈரத்தோடயே எடுத்துப் போட்டுக்கிட்டாரு."