புண்ணின் நிறம் என்ன?

யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களின் வீடுகளுக்குச் செல்வது எனது பணிகளில் ஒன்று. அவர்களுக்குப் படுக்கைப் புண் தோன்றும்போது அதை முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர். உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கும் மனைவியோ தாயோதான்.

இன்று, புண்ணின் படத்தைப் பார்த்து அதன் வகையைச் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகள் வந்துள்ளன. இவற்றைக் கொண்டு மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் நடத்தலாம். மாணவர் முதலில் தன் விடையைச் சொல்வார். பின்பு செயலி சொல்லும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதை ஆசிரியர் விளக்குவார். ஒரே நோயாளியைப் பலமுறை ஆடை விலக்கிக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆயினும் சமூகவியல் படித்த எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: செயலி யாருடைய தோலைப் பார்த்துக் கற்றது? மனிதர் பெயரிட்டுக் கொடுக்கும் படங்களிலிருந்தே அது கற்கிறது. 2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்வேறு நிறத்தவரின் 656 தோல்நோய்ப் படங்களைக் கொண்டு இத்தகைய கணினி முறைகளைப் பரீட்சித்தனர். கறுத்த தோலில் அவை அதிகம் தவறின. பாடநூல்களிலும் இதே குறை உண்டு. அதைக் கண்ட மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், கறுத்த, மண்ணிறத் தோல்களில் நோய்க்குறிகள் எவ்வாறு தெரியும் என விளக்கும் கைநூலொன்றைத் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்டார்.

இது நமக்குத் தூரத்து விடயமல்ல. படுக்கைப் புண்ணின் முதற்கட்டத்துக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது, அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு. நமது தோலில் அந்தச் சிவப்பு தெரியாமல் போகலாம். ஊதா நிறமாகவோ, சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ தோன்றலாம். அந்த இடம் சூடாகவோ இறுகியோ இருக்கலாம். சூட்டையும் இறுக்கத்தையும் படம் காட்டாது, கைதான் அறியும். தோல் வெடிக்கும் முன்னரே கண்டு, அவ்விடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஆறிவிடும். தவறவிட்டால் எலும்புவரை செல்லக்கூடும்.

எனவே மாணவர்கள் செயலியின் விடையோடு நின்றுவிடாது, தொட்டுப் பார்க்கவும் பராமரிப்பவரைக் கேட்கவும் பழக வேண்டும். சகோதரிகளே, "நேற்று இந்த இடம் இப்படி இருக்கவில்லை" என்று நீங்கள் சொல்வதும் அவர்களுக்கு ஒரு பாடமே. தயங்காமல் சொல்லுங்கள். படம் எடுக்கக் கேட்டால், எதற்காக, யார் பார்ப்பார்கள், முகம் தெரியுமா என்று கேளுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம். மறுத்ததற்காகச் சிகிச்சை குறையக் கூடாது.