மீனுக்குத் துடுப்பு எதுக்கு?

எங்க பாப்பாரப்பட்டியில ஒகேனக்கல் கெண்டை வாங்கினா, துடுப்பை நறுக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. ஆனா மீனுக்கு அதுதாங்க எல்லாமே. வால் துடுப்பு முன்னாடி தள்ளும். முதுகுத் துடுப்பு உடம்பு உருளாம பாத்துக்கும். செவுள் பக்கத்து ஜோடி திருப்பும், பிரேக்கும் போடும்.

கெண்டைக்கு வயித்துக்குள்ள காத்துப்பை இருக்கு, மிதந்துக்கும். சுறாவுக்கு அது கிடையாது. நீந்தும்போது பக்கத் துடுப்புதான் விமான இறக்கை மாதிரி தாங்கும். கறியை விட துடுப்புக்கு விலை அதிகம்னு, அதை மட்டும் அறுத்துட்டு சுறாவை உயிரோட கடல்ல வீசினாங்க. நீந்த முடியாம மூழ்கிச் செத்துடும்.

துடுப்போட இருக்கற சுறாவைத்தான் கரையிறக்கலாம்னு 2013-ல இந்தியா சொல்லிச்சு. 2015-ல துடுப்பு ஏற்றுமதியையே தடை பண்ணிச்சு.

விலை வேற, மதிப்பு வேறன்னு பி.காம்ல படிக்கறோமே, அதுக்கு இதை விட நல்ல உதாரணம் இருக்கா மக்களே?