புகையும் திரி

எண்ணெய் விளக்கின் திரியை உயர்த்தினால் புகை, தாழ்த்தினால் இருள். இவ்விடரைத் தீர்த்தவர் ஜெனீவாவில் பிறந்த எமே ஆர்காண்ட். 1784-இல் அவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விளக்கில் திரி குழல் வடிவாயிற்று. அதன் உள்ளும் புறமும் காற்று ஏறியது. சிம்னி அவ்வோட்டத்தை விரைவாக்கியது. ஒரே சுடர் பல மெழுகுதிரிகளின் ஒளியைத் தந்தது.

புகை எண்ணெயின் குற்றமன்று. காற்றின்றி எரிந்து முடியாத கரியே அது.

எம் பங்குப் பேரவையில் ஓர் இளைஞர், கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எதற்கு என்று சினந்து கேட்டார். அவரை அமர்த்துமாறு சிலர் சைகை காட்டினர். திரியைத் தாழ்த்த எனக்கு மனம் வரவில்லை, முழுதும் பேசவிட்டேன். சினம் தணிந்தது, கேள்வி சுடராய் நின்றது. அதன் ஒளியில் அச்சுவரை அனைவரும் கண்டோம். இடிக்கும் பணி எஞ்சியுள்ளது.