சுழலும் இரும்பின் நாடி

சென்னையிலிருந்து காஞ்சிக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர்ச் சுங்கச்சாவடி பழகிய இடம். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாகிற்குள் பாட்டரி என்ற வஸ்துவே கிடையாது என்பதும், சாவடியிலிருந்து வீசும் ரேடியோ அலையிலேயே அது ஒரு க்ஷணம் உயிர்பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கிவிடுகிறது என்பதும், அவ்வழியே எத்தனையோ தடவை போயிருந்தும், ஏனாத்தூரில் ஒரு முறுக்குப் பட்டறைக்குள் நுழைந்த அன்றுதான் எனக்கு விளங்கின.

தறிக்குப் போகுமுன் பட்டிழைகளைச் சேர்த்து முறுக்கேற்றும் பட்டறை அது. வரிசை வரிசையாகக் கதிர்கள் சுழன்றுகொண்டிருக்க, எங்கேனும் ஓர் இழை அறுந்தால், அங்கிருந்த பெண்கள் அந்தக் கதிரை மட்டும் விரலால் நிறுத்தி, இரு முனைகளையும் முடிந்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த முடிச்சை மூக்குக் கண்ணாடி போட்டும் என்னால் காண முடியவில்லை.

யந்திரத்தைக் கவனிப்பவர் அறுபதைத் தாண்டிய மேஸ்திரி. ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார்.

"நல்ல பேரிங் பேசாது சார். கிரீஸ் வத்திச்சுன்னா முனகும். குண்டு தேஞ்சுபோச்சுன்னா கரகரன்னும்."

ஆனால் அவர் தொடுவது நிற்கும் கூட்டைத்தான். ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் உள்வளையமோ பெரும்பாலும் கூட்டைவிடச் சூடாக இருக்கும். அதன்மேல் யார் கை வைப்பது? அங்கே ஒரு சென்ஸாரைப் பொருத்திக் கம்பி இழுத்தால், கதிரில் மாட்டிய பட்டிழைக்கு நேர்வதே அதற்கும் நேரும், முறுக்கேறி அறுந்துபோகும். கம்பிக்குப் பதில் ஸ்லிப் ரிங்கும் கார்பன் பிரஷும் வைக்கலாம் என்றால், பிரஷ் தேயும். பாட்டரியோ, நிமிஷத்திற்கு 1440 சுற்றுச் சுழலும் ஷாஃப்டில், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், 10 கிராம் எடையுள்ளது இரண்டே கால் கிலோவுக்கு மேல் கனப்பதுபோல் வெளிப்புறம் இழுக்கும். மாற்றுவதற்கோ யந்திரத்தையே நிறுத்தியாக வேண்டும்.

மேஸ்திரியின் தம்பி மகன் இன்ஜினீயரிங் முடித்தவர். ஷாஃப்டைச் சுற்றி ஒரு செம்புச் சுருளும், அதற்கு எதிரே அசையாத இன்னொரு சுருளும் வைத்திருந்தார். ஃபாரடே 1831-இல் இரும்பு வளையத்தில் சுற்றிய ஒரு சுருளில் மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் மற்றதில் மின்சாரம் எழக் கண்டாரே, அதே தத்துவந்தான். இரண்டு சுருளுக்கும் அச்சு ஒன்றே ஆகையால் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் இடையிலுள்ள காந்தப் பிணைப்பு மாறுவதில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு. ஃபாஸ்டாகைப் போலவே பாட்டரி இல்லாமல், ஷாஃப்டுச் சுருளில் எழும் சொற்ப சக்தியிலேயே சென்ஸார் உஷ்ணத்தை அளக்கிறது. தன் சுருளின் சுமையை ஏற்றி இறக்கி, வந்த வழியிலேயே பதிலும் அனுப்புகிறது.

"முதல்ல ஷாஃப்ட் மேலயே நேரா சுத்தினேன் சார், ஒண்ணுமே வரல. நடுவுல ஃபெரைட் தகடு வச்சப்புறந்தான் உயிர் வந்துது."

"இரும்பு தின்னுடுச்சாடா?" என்று சிரித்தார் மேஸ்திரி.

"ஆமா பெரியப்பா. தின்னுட்டு சூடாயிடுச்சு."

திரையில் 61 டிகிரி என்று தெரிந்தது. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வெளிச்சுருளுக்குச் சக்தி இல்லை, திரை வெறுமையாயிற்று. மோட்டாரின் இரைச்சல் ஓய்ந்தும், ஷாஃப்ட் மட்டும் பழைய வேகத்தில் ஓடி மெல்லத் தளர்ந்துகொண்டிருக்க, மேஸ்திரி அவசரமாக ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஒவ்வொரு கூடாக ஊன்றிக்கொண்டே போனார்.

"மூணாவது" என்றார், கண்ணைத் திறக்காமலே.