ஐந்து வெட்டு

பழைய மொரிஸ் மைனர் கார் எங்கே நின்றாலும் வாப்பா பக்கத்தில் போய் நின்றுவிடுவார். உரிமையாளருக்கு ஸலாம் சொல்லி, பொனட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பார். கல்யாண வீட்டு வாசலானாலும் சரி, மையித்து வீட்டு வாசலானாலும் சரி. எங்களுக்கு வெட்கமாக இருக்கும். என்ஜினில் அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. ஹெட்டின் ஒரு மூலையில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "நல்ல கார், வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்.

மன்னாரில் அவருக்கு ஒரு மைனர் இருந்தது. தலைமன்னார் இறங்குதுறைக்கு ஹயர் ஓடிய கார். ஹெட்டைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் முக்கோண அரத்தால் அதன் மூலையில் ஒரு வெட்டுப் போடுவார். அதுதான் அவருடைய கணக்குப் புத்தகம். 1990இல் அதில் ஐந்து வெட்டுகள் இருந்தன.

ஐந்தாவது வெட்டு எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயது எனக்கு. அந்த ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் வடக்கில் பெற்றோல் கிடைக்காமல் போயிற்று. கார்க்காரர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எல்லா என்ஜினும் இதற்கு இணங்காது. மைனர் இணங்கியதற்குக் காரணம் உண்டு. அதில் உள்ளிழுக்கும் மெனிபோல்ட்டும் புகை போகும் மெனிபோல்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கின்றன. புகையின் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும். ஆனால் அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் தட்டும். வாப்பா ஹெட்டைக் கழற்றி, இரண்டு கஸ்கட் அடுக்கி, அமுக்கத்தைக் குறைத்துப் பூட்டினார். அதுதான் ஐந்தாவது.

ஒக்டோபரில் ஊரோடு வெளியேற்றப்பட்டோம். கார் வேப்பமரத்தடியில் நின்றது. சாவியை அதிலேயே விடச் சொன்னார்கள். படகில் கற்பிட்டிக்கு வந்து, ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். மற்றதெல்லாம் இந்தப் பக்கங்களில் பலரும் எழுதியதுதான். நான் காருக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஆசிரியன் சம்பளத்தில் வாங்கக்கூடிய வண்டி எதுவும் சந்தையில் இல்லை. அடுத்த வருடம், புத்தளத்தில் ஒரு கராஜின் பின்புறம் கிடந்த மைனர் ஒன்றை வாங்கினேன். வாப்பாவுக்காக வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். அது முழு உண்மையில்லை.

அந்தக் கார் ஓடியது, ஆனால் சுகமில்லாமல். நின்றபடி ஓடவிட்டால் நடுங்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். காபரேட்டருக்குள் திருப்பி வெடிக்கும். நொரோச்சோலையில் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றையும் நான்கையும் கழற்றியபோது என்ஜின் விழுந்தது. ஒன்றையும் இரண்டையும் கழற்றியபோது எதுவும் மாறவில்லை. அந்த இரண்டு பிளக்குகளும் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தன.

இந்த என்ஜினுக்குச் சிலிண்டர் நான்கு, ஆனால் ஹெட்டில் உள்ளிழுக்கும் வாசல் இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசல், மூன்றும் நான்கும் மற்றது. புகைக்கு மூன்று வாசல்கள். நடுவிலுள்ளது இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது. ஆகவே ஒரு பக்க வாசலில் காற்றுக் கசிந்தால் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே நோயாகும். நானா எண்ணெய்க் குப்பியால் மெனிபோல்ட் ஓரத்தில் சில துளி விட்டார். முன்வாசலில் விட்டபோது என்ஜினின் குரல் மாறியது. "கசிவு இங்கதான் சேர்."

மெனிபோல்ட்டைக் கழற்றியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. கீழே 948 சீசீ என்ஜின். மேலே யாரோ எம்.ஜி. 1100 காரின் ஹெட்டைப் பூட்டியிருந்தார்கள். வார்ப்பில் 12ஜி295 என்ற எண். பெரிய வால்வ், பெரிய வாசல். மெனிபோல்ட்டோ பழைய சின்ன என்ஜினுடையது. முகம் வேறு வளைந்திருந்தது. கஸ்கட் இரண்டுக்கும் பொருந்தாமல் வாசலுக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

நானா உடனே கிரைண்டரை எடுத்தார். மெனிபோல்ட் வாயை ஹெட்டின் அளவுக்குப் பெருப்பித்தால் சரி என்றார். அன்று வாப்பாவையும் கூட்டிப்போயிருந்தேன். வலது கண்ணில் பார்வை குறைந்து வருடங்களாகின்றன. அவர் வாசலுக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினார்.

"வாசலை மட்டும் பெருப்பிச்சா வீடு பெருகுமா தம்பி? கொஞ்சம் பொறுங்க."

அவர் சொன்னது இதுதான். காற்று மெனிபோல்ட்டிலிருந்து ஹெட்டுக்குள் போகிறது. மெனிபோல்ட் வாய் சற்றுச் சிறிதாக இருந்தால் காற்றுக்கு அது இறங்கும் படி, பொறுத்துக்கொள்ளும். பெரிதாகிவிட்டால் ஹெட்டின் விளிம்பு எதிர்த்து நிற்கும். புகைப் பக்கம் இதற்கு மறுதலை: அங்கே ஹெட்டின் வாய்தான் சிறிதாக இருக்க வேண்டும். முதலில் முகத்தை மட்டமாக்கு, கஸ்கட்டை வெட்டித் திருத்து, பிறகு ஒரு அங்குல ஆழத்துக்குச் சாய்வாகத் தேய், போதும் என்றார். நானா கிரைண்டரைக் கீழே வைத்தார். மறுவார்த்தை பேசவில்லை, ஆனால் எனக்கு மட்டும் தேநீர் வந்தது, வாப்பாவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அமுக்கத்தை அளப்பது என் பங்கு. பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து அளவி ஒன்றை அதிபரிடம் சொல்லி ஒரு சனிக்கிழமை எடுத்துவந்தேன். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிறீஸ் பூசி ஒட்டி, நிறம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நான்கு அறைகளும் 28 கன சென்ரிமீற்றரைச் சுற்றி வந்தன. ஒரு சிலிண்டர் 237. கஸ்கட்டும் பிஸ்டனுக்கு மேலுள்ள வெளியும் எங்கள் அளவில் 8. எல்லாம் போட்டுப் பார்த்தால் அமுக்கம் ஏழரைக்கு ஒன்று. இந்த என்ஜினுக்குச் சாதாரணமாக இருக்க வேண்டியது 8.3. லேத்தில் ஹெட்டின் அடியைச் சீவி ஒவ்வோர் அறையிலும் நான்கு கன சென்ரிமீற்றர் அளவில் குறைக்க வேண்டும்.

வாப்பாவிடம் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏழரையா? மண்ணெண்ணெய்க்கு நல்லா இருக்கும் மகன்." சிரித்து முடிய வெகுநேரம் பேசவில்லை.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது வேலை அப்படியே நின்றது. கரையில் எந்திரத் தோணிகள் மண்ணெண்ணெய் இல்லாமல் கிடந்தன. ஹெட் எங்கள் விறாந்தையில் சாக்கின் மேல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. மருமக்கள் அதில் இடறி விழுந்தார்கள். வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்து அதன் பக்கத்தில் அமர்ந்திருப்பார்.

சீவிய ஹெட் வந்த அன்று நானாவும் வீட்டுக்கு வந்தார். கஸ்கட்டின் விளிம்பை ஸ்டட்டுகளில் மாட்டி, நான் கொண்டுவந்த சோக்குத் துண்டை நனைத்துப் பூசி, வாசல் எல்லையைக் கீறினோம். பொருந்தியது. பூட்டுவதற்கு முன் வாப்பா ஹெட்டைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். கட்டைவிரலை மூலையில் வைத்துத் தடவினார்.

எனக்குத் தெரியும், அது வேறு காரின் ஹெட். அவருடையதில் இந்த எண் இருந்திருக்கவே முடியாது. அவருக்கும் தெரியும். ஒரு வருடமாகப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர். ஆனாலும் நான்கு மூலைகளையும் தடவினார்.

"நம்மட இல்ல" என்றார். பிறகு, "அரம் இருக்கா?"

நானா பெட்டியைக் கிளறி ஒரு முக்கோண அரத்தை எடுத்துக் கொடுத்தார். வாப்பா பிஸ்மி சொல்லி ஒரு வெட்டுப் போட்டார். கை நடுங்கியதால் கொஞ்சம் சாய்வாக விழுந்தது. ஊதித் தூளைத் தட்டினார்.

"இனிப் பூட்டுங்க. நட்டை நடுவால இருந்து இறுக்கிட்டு வாங்க."