அனுப்பியதும் சேர்ந்ததும்

விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டிலே தோன்றிய காரைதீவு கிழக்கிலங்கையில் உள்ளது. யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னாளிற் காரைதீவு என்றே வழங்கிற்று. நாம் சில ஆண்டுகள் தங்கியிருந்த கரைத்தீவோ இவ்விரண்டினும் வேறானது. புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்திலே, வில்பத்துக் காட்டுக்கு அணித்தாய் உள்ளது. ஆங்கில எழுத்திற் பொறிக்குங்கால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆதலின் மாவட்டப் பெயர் குறியாது நமக்கு விடுக்கப்பட்ட கடிதங்கள் சில நாட்டைச் சுற்றிப் பார்த்த பின்னரே நம்மை வந்தடைந்தன. செய்தி ஒன்றை அனுப்புதல் வேறு, அது சேர்தல் வேறு என்னும் பாடத்தை அவ்வூர் நமக்கு இவ்வாறு தொடக்கி வைத்தது.

நிற்க. அவ்வூர் இளைஞர் சிலர் மாலை வேளைகளிற் கணினிச் செய்நிரல் கற்க நம்மிடம் வருவர். படகிலுள்ளோரும் கரையிலுள்ளோரும் செய்தி பரிமாறத்தக்க சிறு கருவி ஒன்றைத் தாமே செய்து பார்க்க அவர்கள் விழைந்தனர். ஆயத்தமாயுள்ள செயலிகள் பல இருக்க இஃது எற்றுக்கு என்று வினவினோம். இளைஞன் ஒருவனின் தாயார் அதற்கு விடை கூறினார்: “போய்விட்டது என்று போன் காட்டுகிறது, ஐயா. அவருக்குச் சேர்ந்ததா என்பதுதானே எனக்குத் தெரியவேண்டும்?” கணவர் கடலுக்குச் சென்றிருந்த இரவுகளில் அவர் பட்ட பாடு அவ்வினாவிலே தெரிந்தது.

இணையத்தின் பழைய முறை, தபாற் கந்தோருக்கு நாழிகைக்கொருகாற் சென்று “எனக்குக் கடிதம் உண்டோ?” என்று கேட்பதை ஒக்கும். கேட்டாலன்றி விடை வாராது. வெப்சொக்கற் என்னும் முறையிலோ ஒருகால் திறந்த வழி திறந்தே கிடக்கும். இரு பக்கத்தாரும் வேண்டியபோது பேசலாம். 2011 டிசெம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 6455 என்னும் ஆவணம் இதன் விதிகளை வகுத்தது. முதலிலே நம் கருவி வழக்கமான எச்.ரி.ரி.பி. விண்ணப்பம் ஒன்றை விடுத்து, வழியை மாற்றித் தருமாறு கேட்கும். அதனுடன் 16 பைற்று நீளமான தற்செயற் சாவி ஒன்றும் செல்லும். சேவையகம் அச்சாவியிலிருந்து கணித்த விடையுடன் 101 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்பின் உடன்பாடு முடிந்தது.

அதன்பின் செய்திகள் சிறு சிறு பொதிகளாய்ச் செல்லும். பொதியின் தலைப்பிலே அதன் வகையும் நீளமும் குறிக்கப்படும்: 1 எழுத்துச் செய்தி, 8 விடைபெறல், 9 “இருக்கிறாயோ?” என்னும் வினா, 10 அதற்கு விடை. நீளத்தைப் பைற்றுக் கணக்கிலே குறித்தல் வேண்டும். “அலை” என்பது நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, யூனிக்கோட்டில் மூன்று குறி, யூ.ரி.எப்.-8 முறையில் ஒன்பது பைற்று. இவ்வேறுபாட்டை அறியாது தலைப்பை எழுதுவோன் தமிழ்ச் செய்தியை நடுவே முறித்துவிடுவான். இணைய உலாவியிலே எழுதுவோர்க்கு இத்தொல்லை இல்லை. பொதி கட்டும் வேலையை உலாவியே செய்துவிடும். வழி திறந்தது, செய்தி வந்தது, பிழை நேர்ந்தது, வழி மூடிற்று என்னும் நான்கு நிகழ்ச்சிகளையே நாம் கவனித்தல் வேண்டும். இளைஞர்கள் முதல் மாலையிலேயே ஒரு போனிலிருந்து மற்றொன்றுக்கு வணக்கம் கூறிவிட்டனர்.

ஆயினும் அத்தாயாரின் வினா அப்படியே நின்றது. “அனுப்பு” என்னும் கட்டளை செய்தியை வரிசையில் வைப்பதன்றி, அது சேர்ந்ததென்று சொல்வதில்லை. படகு சமிக்ஞை எல்லையைக் கடந்தபின்னும் வழி திறந்திருப்பதாகவே கருவி சிறிது நேரம் நம்பிக்கொண்டிருக்கும். 9 ஆம் வகை வினாவை அனுப்ப உலாவியிற் செய்நிரலாளனுக்கு வழியும் இல்லை. ஆதலின் நாம் சில ஏற்பாடுகளைச் செய்தோம். இருபது செக்கனுக்கொருமுறை “உண்டோ” என்று ஒரு சாதாரண செய்தி செல்லும். “உண்டு” என்னும் விடை இருமுறை வாராதொழியின் வழி அறுந்ததாகக் கொள்ளப்படும். பின்னர் 1, 2, 4, 8 செக்கன் என இடைவெளியைப் பெருக்கி, 30 செக்கனுக்கு மேற்படாமல், மீண்டும் மீண்டும் முயலும். எல்லாப் போன்களும் ஒரே கணத்திற் சேவையகத்தை மொய்க்காதிருக்க ஒவ்வோர் இடைவெளியிலும் சிறிது தற்செயலான நேரத்தைக் கூட்டினோம். ஒவ்வொரு செய்திக்கும் எண் இட்டோம். சேவையகம் அதனைத் தன்பால் வைத்திருந்து, மறுகரைப் போனே “பெற்றேன்” என்று அவ்வெண்ணைத் திருப்பும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரே எண் இருமுறை வரின் இரண்டாவதைப் பெற்ற போன் தள்ளிவிடும்.

திரையிலே இரண்டே சொற்கள்: “காத்திருக்கிறது”, “சேர்ந்தது”. அனுப்பப்பட்டது என்னும் நடுவிலான சொல்லை வேண்டுமென்றே விலக்கினோம். இக்கருவி கடலிலே காவலாகாது என்பதையும், கையடக்கப் போனின் சமிக்ஞை கரையை விட்டு நெடுந்தூரம் செல்லாது என்பதையும், வானொலிக் கருவிக்கும் வானிலை எச்சரிக்கைக்கும் இஃது ஈடன்று என்பதையும் அவர்களுக்கு வற்புறுத்திக் கூறினோம். முதல் இரவு நெடுநேரம் “காத்திருக்கிறது” என்றே நின்றது. விடியற் பொழுதிற் படகு கரையை அணுகிய வேளையிற் சொல் மாறிற்று. அத்தாயார் கூறினார்: “காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம், ஐயா. போய்விட்டது என்று ஏமாற்றினால்தான் தாங்காது.” ஒரு கருவியிடம் மனிதர் எதிர்பார்ப்பது இவ்வுண்மையே என்பதை அவரிடமிருந்து நாம் கற்றோம்.

ஆண்டு மலருக்கு நம் அனுபவம் ஒன்றை எழுதுமாறு நண்பர்கள் கேட்டபோது இதுவே நினைவிற்கு வந்தது. நம் கல்லூரியிலே கணிதமும் தமிழும் கற்பித்த ஆசிரியர்கள் தம் சொற்களை நம்மை நோக்கி விடுத்தனர். அவை சேர்ந்தனவோ என்றறிய அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நம்மிற் பலர் விடை அனுப்பாமலே உலகின் நாற்றிசையும் சிதறிப் போயினோம். அவர்களுள் இன்றும் நம்மோடு இருப்போருக்கேனும் ஒரு வரி எழுதுதல் பழைய மாணவராகிய நம் கடன். நெடுங்கடிதம் வேண்டியதில்லை. சேர்ந்தது என்னும் ஒரு சொல்லே சாலும்.